அப்பாவின் அரை ஷேவிங்

போன இரண்டாம் சனிக்கிழமை. அப்பாவுக்கு ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் கை வைத்தபோது டிரிம்மர் மூச்சை விட்டுவிட்டது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டதற்கு நாலே நிமிஷம்!

கை நடுக்கம் வந்ததிலிருந்து அவருக்கு ஷேவிங் என் டிபார்ட்மெண்ட். "புதுசு ஒண்ணு பீரோவில தூங்குதே" என்றார் தங்கமணி. அதன் சத்தம் கேட்டாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பிளேடும் வேண்டாமாம். அரைகுறை முகத்தோடு பால்கனிக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார்.

திறந்தேன். உள்ளே பென்டார்ச் சைஸில் இரண்டு நிக்கல்-காட்மியம் செல்கள். தலா 1.2 வோல்ட், வரிசையாக இணைத்து 2.4. ஒன்றின் முனையில் வெள்ளைப் பொடி. கசிந்திருக்கிறது. ஒயர் எது பிளஸ், எது மைனஸ் என்று போட்டோ எடுத்துக்கொண்டு புதன்வார் பேட்டை தப்கீர் கல்லிக்குக் கிளம்பினேன். புனேயில் எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு அதுதான் பெரிய சந்தை.

முதல் கடையில், "லித்தியம் போடுங்க சாஹேப், பவர் ஜாஸ்தி" என்றார்கள். வேண்டாம் மக்களே! லித்தியம் செல் 4.2 வோல்ட் வந்ததும் சார்ஜ் நிற்கவேண்டும். பழைய சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது, சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கும். முடிவில் தீப்பிடிக்கலாம்.

அடுத்த கடையில் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு கிடைத்தது. அதே 1.2 வோல்ட், காட்மியம் விஷம் கிடையாது. முனையில் தகடு வைத்தே வாங்கினேன். செல்லின் மேலேயே சால்டர் அடித்தால் சூட்டில் உள்ளே இருக்கும் சீல் கெட்டுப்போகும்.

இனி நம்ம ஏரியா, கணக்கு. பழசு 600 மில்லி ஆம்பியர் மணி, புதுசு 1000. சார்ஜர் தருவது 60 மில்லி ஆம்பியர். நூறு எடுக்க நூற்று நாற்பது போடவேண்டும் (இந்த வட்டிக்கு எவனும் டெபாசிட் போடமாட்டான் :-)). ஆக, சுமார் 23 மணி நேரம். அதற்குமேல் வைக்கக்கூடாது, இந்த வகைக்கு ஓவர் சார்ஜ் அவ்வளவாகத் தாங்காது.

ஞாயிறு சாயங்காலம் மறு கன்னம். அப்பா தடவிப் பார்த்தார். "சத்தம் மாறலையே" என்றார். அப்புறம் அவரே எழுந்து பால்கனிக்குப் போனார்.

டிஸ்கி: திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பழைய செல்லைக் குப்பையில் போடாதீர்கள். வீட்டுக் குப்பையோடு கலக்கக்கூடாது என்று 2022 பேட்டரிக் கழிவு விதிகளே சொல்கின்றன. முனையில் டேப் ஒட்டி, இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.