கப்பலேறும் வரை

கப்பற் பயணம் பற்றி எழுதுவோர் கடலையும் கரைகளையுமே எழுதுகின்றனர். கப்பலேறும் வரையுள்ள பாடுகளை அதிகம் எழுதுவதில்லை. எனவே அதையே இங்கு எழுதலாம் என எண்ணுகிறேன்.

2024 ஜூனில், லண்டனில் வாழும் மகளின் ஏற்பாட்டில், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து நோர்வேக்கு ஓர் உல்லாசக் கப்பலில் செல்லும் வாய்ப்பு எனக்கும் மனைவிக்கும் கிட்டியது.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு முதல் ஆயத்தம் விசாதான். பிரித்தானிய விசா நோர்வேயில் செல்லாது. அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். திரும்பி வந்து இறங்குவதும் இங்கிலாந்திலேயே என்பதால், பிரித்தானிய விசா பலமுறை நுழைவதற்கு உரியதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பொதி கட்டுதல். மனைவி அடுக்கிய பையை மகள் பிரித்துப் பார்த்தாள். இஞ்சி மிட்டாய், தேசிக்காய் ஊறுகாய், பனடோல் ஆகியவற்றுடன் இரண்டு பெட்டி மெழுகுதிரியும் தீப்பெட்டிகளும் இருந்தன.

"அம்மா, கப்பலிலை மெழுகுதிரி கொண்டுபோக விடமாட்டினம்."

"கரன்ட் நிண்டால் என்ன பிள்ளை செய்யிறது?"

மகள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. 2006 ஆகஸ்ட்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபின், யாழ்ப்பாணத்துக்குப் பொருட்கள் கப்பலில்தான் வந்தன. மெழுகுதிரிக்கும் பால்மாவுக்கும் மருந்துக்கும் மக்கள் அலைந்தனர். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலேறுவதற்குப் பாதுகாப்பு அனுமதி பெற்று, நாட்கணக்கில் காத்திருந்தனர். அந்த வரிசைகளைச் செய்தியாக எழுதியவன் நான். அவற்றில் நின்றவள் அவள். கப்பல் என்ற சொல் அவள் மனத்தில் மெழுகுதிரியை எழுப்பியதில் வியப்பில்லை.

எனினும் தீ என்பது கப்பலில் பேராபத்து. மெழுகுதிரி மட்டுமன்றி, துணி அழுத்தும் மின்னழுத்தி, தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் போன்றவற்றையும் பொதுவாகக் கப்பல் நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

மனைவி நீரிழிவு நோயாளி. துறைமுக வாசலில் பெரிய பெட்டிகளைச் சுமைகாவுவோர் வாங்கிச் செல்வர். அவை அறை வாசலை அடைய மாலையாகிவிடலாம். ஆகவே இன்சுலின், ஊசிகள், மருத்துவரின் மருந்துச்சீட்டு, கடவுச்சீட்டுகள் அனைத்தும் கைப்பையில் இருக்க வேண்டும். பாவனையிலுள்ள இன்சுலின் பேனா பெரும்பாலும் நான்கு வாரங்கள் சாதாரண அறை வெப்பநிலையைத் தாங்கும். மேலதிகமானதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். எனவே அறையில் அவ்வசதி உண்டா என முன்கூட்டியே விசாரித்தோம்.

"காலையிலை வெளிக்கிட்டால் காணும் மாமா, காரிலை இரண்டு மணித்தியாலம்தான்" என்றார் மருமகன். நான் இணங்கவில்லை. முதல்நாளே வாட்டர்லூவில் ரயிலேறிச் சென்று, துறைமுக நகரில் தங்கினோம். மறுநாட்காலை எம்-3 நெடுஞ்சாலையில் விபத்தினால் வாகனங்கள் தேங்கி நிற்பதாகத் தொலைக்காட்சி அறிவித்தபோது, மனைவி ஆறுதலாகத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தாள்.

சவுத்தாம்ப்டனில் கப்பலேறும் முனையங்கள் ஐந்து. ஓஷன், குயீன் எலிசபெத் முனையங்களுக்கு 4ஆம் வாசல். மேஃபிளவர், ஹொரைசன் முனையங்களுக்கு 10ஆம் வாசல். இரண்டும் நகரின் இருவேறு அந்தங்களில் உள்ளன. வாடகைக்கார்ச் சாரதியிடம் "துறைமுகம்" என்று மட்டும் சொன்னாற் போதாது.

புறப்படுவதற்குக் குறித்த நேரம் முன்பாகவே பயணிகள் பதிவு மூடப்படும். பின்னர் வருபவருக்காகக் கப்பல் காத்திராது. இதில் கண்டிப்புக்குக் காரணமும் உண்டு. 2012 ஜனவரி 13இல் இத்தாலியக் கரையருகே கொஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தனர். அன்று கப்பலேறியவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. 2015 முதல், புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே அப்பயிற்சி நடைபெற வேண்டும் என்பது சர்வதேச விதி.

அனுமதிச்சீட்டில் நாளும் நேரமும் வாசலும் அச்சாகியிருந்தன. அதை மனைவி பலமுறை எடுத்துப் பார்த்தாள். எப்போது புறப்படுவோம் என்பதே தெரியாமல் ஒரு காலத்தில் கரையில் காத்திருந்தவர்களுக்கு, புறப்படும் நேரம் தெரிந்திருப்பதே பெரிய சுதந்திரம்.