பல்லாவரமும் ஜப்பானிய வாளும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ம் வருஷத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்த மார்க்கத்தில் தினந்தோறும் போய் வரும் நம்மில் பலர், பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று ஸ்டேஷன்களின் பெயரைக் காதால் கேட்பதோடு சரி. ஜன்னலுக்கு வெளியே ஓடும் அந்தச் சில மைல் தூரம் முழுவதும் ஆயுதங்களின் சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது என்பதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

பரங்கிமலை, கும்பெனியார் காலத்திலேயே பீரங்கிப் படை தங்கிய இடம். 1963 முதல் அங்கே ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் கலாசாலை நடந்து வருகிறது. அதற்குச் சரியாக நூறு வருஷத்துக்கு முன்பு, 1863-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடாலி அது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு முதல் சாட்சி அந்தக் கல்தான். தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் வந்து குடியேறிய காட்டுக்கு அப்பால், விமானப் படையின் தளம் இருக்கிறது.

பயம் பிடித்த சித்திரை

இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் ஜப்பான் என்ற பெயரைச் சொன்னால் 1942-ம் வருஷத்தைத்தான் சொல்லுவார்கள். அந்த ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பின்மேல் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. "அடுத்தது நாம்தான்" என்று சென்னைவாசிகள் பெட்டி படுக்கையைக் கட்டினார்கள். சர்க்கார் ஆபீஸ்கள் பலவும் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் இரவில் வந்து சென்னையின்மேல் குண்டு போட்டுவிட்டும் போயிற்று.

ஆனால் ஜப்பானியனின் வாளை நேருக்கு நேர் கண்டவர்கள் சென்னைத் தமிழர்கள் அல்லர்; மலேயாத் தமிழர்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுத்துக் கொண்டிருந்தவர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1942-43-ல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் காலராவுக்கும் பட்டினிக்கும் அடிக்கும் பலியான தமிழர்கள் பல்லாயிரம் பேர். அதே மலேயாவிலிருந்துதான் தோட்டத் தொழிலாளர் மக்கள் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் சேனையில் சேர்ந்து தேச விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தினார்கள். பெருமையும் துயரமும் அந்தக் காலத்தில் அவ்வாறு பின்னிக் கிடந்தன.

1945 செப்டம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் ஜப்பானியச் சேனை சரணடைந்தது. தோற்ற அதிகாரிகள் தங்கள் வாளைக் கையால் எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது மவுண்ட்பேட்டனின் கட்டளை. அவர்களுடைய பிரதம சேனாதிபதி தெரவுச்சி, அவ்வருஷம் நவம்பர் 30-ல் சைகோனில் தம் குடும்ப வாள்கள் இரண்டை ஒப்படைத்தார். அப்படிக் குவிந்த வாள்கள் சிப்பாய்களின் பெட்டிகளிலும் கப்பல் பிரயாணிகளின் மூட்டைகளிலும் ஏறித் தேசந்தோறும் பரவின.

அசலும் போலியும்

வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரத்தில் பழைய டிரங்க் ரோட்டின் ஓரமாகக் கூடும் சந்தையை நேயர்கள் அறிவார்கள். செடி, கொடி, புறா, மீன், உடைந்த நாற்காலி, ஓடாத கடிகாரம் எல்லாம் அங்கே உண்டு. அம்மாதிரிச் சந்தையிலோ பழம் பொருள் கடையிலோ ஒரு வாளைக் காட்டி, "ஜப்பான் ஜெனரல் வைத்திருந்தது, ஸார்!" என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? அண்மைக் காலத்தில் சீனாவில் செய்த போலிகள் உலகச் சந்தை முழுவதும் நிறைந்திருக்கின்றன. ஆகையால் சில லக்ஷணங்களை அறிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் கைப்பிடி. 1934-லும் 1938-லும் வகுக்கப்பட்ட அதிகாரிகளின் வாளில், மரப்பிடியின்மேல் திருக்கை மீனின் சொரசொரப்பான தோலைப் போர்த்தி, அதன்மேல் பட்டு அல்லது பருத்தி நாடாவை இறுகச் சுற்றியிருப்பார்கள். நாடாவுக்கு இடையில் தெரியும் சாய்சதுரங்கள் ஒரே அளவாக இருக்கும். விரலால் தள்ளினால் நகராது. போலியில் நாடா தொளதொளவென்றிருக்கும். மீன் தோலின் இடத்தில் பிளாஸ்டிக் பல்லிளிக்கும்.

இரண்டாவது, கைக்காப்பும் அதன் இரு புறத்திலுமுள்ள மெல்லிய தகடுகளும். இவற்றை ஒன்றோடொன்று பொருத்திய தொழிலாளி, பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பான். எண்கள் ஒத்திருந்தால் நல்ல அடையாளம்.

மூன்றாவது, அலகு. விளிம்பு நெடுக மேகம் படர்ந்தாற்போல ஒரு வெண்மைக் கோடு ஓடும். அலகின்மேல் களிமண் பூசி, விளிம்பில் மட்டும் மெல்லியதாக விட்டு, காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதால் உண்டாவது அது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதற்குள்ளே நுண்ணிய பொடிகள் மின்னும். போலியில் திராவகத்தால் அரித்த கோடு, சுண்ணாம்பு அடித்த சுவர்போல் ஆழமில்லாமல் இருக்கும்.

நான்காவதே முக்கியமானது. பிடியிலுள்ள மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் உள்ளே அலகின் வால் வெளிப்படும். அங்கேதான் கொல்லனின் கையெழுத்தும் அரத்தின் கோடுகளும் காலம் ஏற்றிய கருமையான துருவும் இருக்கும். அந்தத் துருவைத் தேய்த்துச் சுத்தம் செய்வது, பத்திரத்தின் கையெழுத்தை அழிப்பதற்குச் சமானம். யுத்த காலத்தில் செக்கி நகரப் பட்டறைகளில் திரளாகச் செய்த அலகுகளில் சிறு முத்திரை உண்டு. சில அதிகாரிகளோ பாட்டன் முப்பாட்டன் காலத்து அலகையே ராணுவப் பிடியில் மாட்டிக் கொண்டார்கள். ஆகையால் பிடியைப் பார்த்து அலகின் வயதைச் சொல்லக் கூடாது. கையெழுத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது; 17-ம் நூற்றாண்டின் பெயர் பெற்ற கொல்லரான கொதெத்ஸுவின் பெயரை ஜப்பானியர்களே எத்தனையோ போலிகளில் வெட்டியிருக்கிறார்கள்!

ஒரு சுவரில் தொங்கிய வாள்

குரோம்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக் கூடத்தில், மலேயாவிலிருந்து 1946-ல் திரும்பிய பாட்டனாரின் படத்துக்குக் கீழே ஒரு வாள் தொங்கியது. ரயில் பாதை வேலைக்குப் போய் உயிரோடு மீண்டவர் அவர். ஜப்பான் ஜெனரல் ஒருவர் மெச்சிக் கொடுத்த வாள் என்பது வீட்டுக் கதை. விலைக்குக் கேட்டு ஒரு வியாபாரி வந்து போனதும், வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, "ஸார், நீங்கள் சரித்திர வாத்தியார். இது அசல்தானா, சொல்லுங்கள்" என்றார்.

நாடா சுற்றியதுபோல் வார்த்து வர்ணம் பூசிய அலுமினியப் பிடி. வர்ணம் உதிர்ந்த இடத்தில் வெள்ளை உலோகம் தெரிந்தது. மூங்கில் ஆணிக்குப் பதில் திருகாணி. அலகில் நீளப் பள்ளம். காப்பின் அருகே சிறிய எண். உறையின் வாயிலும் அதே எண். ஐயமில்லாத அசல். ஆனால் ஜெனரலுடையது அல்ல. 1935-ம் வருஷ மாதிரியில், இயந்திரத்தில் செய்து, ஸர்ஜண்டு தரத்தாருக்குச் சர்க்கார் வழங்கிய வாள்.

அவர் முகம் வாடியது. "அப்படியானால் மதிப்பில்லையா?" என்றார்.

"மதிப்பு இருக்கிறது. ஜெனரல்கள் கூலிகளின் பக்கத்தில் வந்து நிற்பதில்லை. ஸர்ஜண்டுகள்தான் நின்றார்கள்" என்றேன்.

அவர் வெகுநேரம் பாட்டனாரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரிக்குக் கொடுப்பதில்லை என்று பிறகு சொல்லியனுப்பினாராம்.

வாங்குமுன்

நீண்ட வாளை வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் விதிகள் உண்டு; விசாரித்து அறிந்து நடப்பது குடும்பஸ்தர்களுக்கு க்ஷேமம். அதைவிட முக்கியம், பொருளோடு சேர்ந்து வரும் கதையை விலை கொடுத்து வாங்காமல் இருப்பது. போலி வாளால் நஷ்டமாவது பணம். போலிக் கதையால் நஷ்டமாவது, சயாம் காட்டில் பெயர் தெரியாமல் மடிந்தவர்களின் உண்மை. அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் சொல்லும் கல்லறை இல்லை; மிஞ்சியிருக்கும் பொருள்களையும் நாம் பொய் பேச வைக்கலாமா?

பல்லாவரத்தில் பூட் எடுத்த கல்லும் முதலில் வெறும் கல்லாகவே தோன்றியிருக்கும். இரு பக்கமும் ஒழுங்காகச் சில்லு பெயர்த்த கையின் அடையாளத்தை அவர் பொறுமையாகத் தேடினார். லக்ஷக்கணக்கான வருஷத்துச் சரித்திரம் திறந்துகொண்டது. கல்லானாலும் எஃகானாலும் சோதனை ஒன்றுதான்: விற்பவன் வாயைப் பாராமல், செய்தவன் கையைப் பார்க்க வேண்டும்.