மாடியில் ஒரு முற்றம்

இல்லம் என்றதும் நம் முன்னோரின் உள்ளத்தில் எழுந்த சித்திரத்தில் சுவர்களும் கூரையும் மட்டும் இருந்ததில்லை. முற்றம், கிணற்றடி, கொல்லைப்புறம் ஆகிய மூன்றும் அதில் சேர்ந்தே இருந்தன. கொல்லையில் முருங்கை நின்றது. கிணற்றடியில் கறிவேப்பிலை தழைத்தது. பெருநாளுக்கு முன்தினம் பெண்மக்கள் மருதாணி பறிக்க அடுத்த தெருவுக்குச் செல்ல வேண்டியிருந்ததில்லை. அந்தக் கொல்லைப்புறம் இன்று எங்கே?

நாம் குடியிருக்கும் வண்டலூரையே எடுத்துக்கொள்வோம். 1985ஆம் ஆண்டு அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இங்கே திறக்கப்பட்டபோது இது நகருக்கு வெளியே இருந்த ஊர். 2023 டிசம்பர் இறுதியில் அருகிலுள்ள கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையமும் வந்துவிட்டது. இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சைச் சீமையிலிருந்தும் பிழைப்புக்காகவும் பிள்ளைகளின் கல்விக்காகவும் வந்து சேரும் நம் குடும்பங்கள் மனை வாங்க இயலாமல் இரண்டு அறை அடுக்கக வீடுகளில் அடங்கிவிடுகின்றன.

வீடு சிறுத்ததோடு அது உருவாகும் முறையும் மாறிவிட்டது. நமக்குச் சற்றுக் கிழக்கே பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று உண்டு. சுவர், தளம் முதலிய பாகங்களை முன்னதாகவே கான்கிரீட்டில் வார்த்து, கொண்டு வந்து பொருத்தும் முறையில் அது கட்டப்பட்டது. 2021 ஜனவரியில் அடிக்கல் நாட்டி, 2022 மே மாதத்தில் திறந்துவிட்டார்கள். குறைந்த வருவாயினர்க்கு விரைவில் வீடு கிடைக்க இதனினும் நல்ல வழி அரிது, பாராட்ட வேண்டியதே. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. சுவரை அச்சில் வார்க்கிறவர்கள் அந்தச் சுவரோடு செடி வளர்க்க ஒரு தொட்டியையும் சேர்த்து வார்க்கலாகாதா?

இக்கேள்வி நமக்கு ஏட்டிலிருந்து பிறந்ததன்று. நம்மோடு வாழ வந்த உம்மா, ஊர்க் கொல்லையை மறக்க மாட்டாதவர்களாய், அடுக்ககத்தின் மொட்டை மாடியில் பழைய வாளிகளில் புதினாவும் வெந்தயக்கீரையும் தண்டுக்கீரையும் வளர்த்தார்கள். பகலெல்லாம் பூட்டிய கதவுக்குள் இருந்த அவர்களுக்கு மாலையில் படியேறிச் செல்ல ஒரு காரணம் கிடைத்தது. கீரை வாங்க வந்த அண்டை வீட்டுப் பெண்களோடு பேச்சுத் துணையும் கிடைத்தது. ஒரு மழைக்காலத்தில் மேல்தள வீட்டின் கூரையில் ஓதம் இறங்கியது. தளத்தில் பழைய வெடிப்பு இருந்தது உண்மை. தொட்டிகளின் ஈரம் அங்கே தேங்கியிருக்கக்கூடும் என்பதும் மறுக்க இயலாதது. குடியிருப்போர் சங்கம் தொட்டிகளை அகற்றச் சொல்லிவிட்டது.

யார் பக்கம் நியாயம்? ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளைகளை உறங்க வைக்கும் அண்டை வீட்டாரின் உரிமை பெரிது. அதை நாம் சொல்லித்தான் நம் வாசகர்கள் அறிய வேண்டுமென்பதில்லை. ஆனால் ஒரு மூதாட்டியின் மாலைப் பொழுதும் சிறியதன்று. கட்டும்போதே சிந்தித்திருந்தால் இவ்விரண்டும் மோத வேண்டிய தேவையே வந்திராது.

கணக்கைச் சற்றே பாருங்கள். ஒரு சதுர அடியில் அரையடி உயரத்துக்கு ஈர மண்ணைப் பரப்பினால் ஏறக்குறைய 25 கிலோ எடை வரும். மக்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி கணக்கில் கொள்ளும் கூடுதல் பாரமோ சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. ஆகவே மாடி முழுவதும் மண் கொட்டுவது ஆபத்து. தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்தால் எடை வெகுவாகக் குறையும். தொட்டிகளைச் சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரங்களில், தரையில் படாமல் தாங்கியின்மேல் வைத்தால் தளமும் பிழைக்கும். 2013ஆம் ஆண்டில் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கென மானிய விலையில் வழங்கிய தொகுப்பில் நார்க்கழிவுப் பைகளே இடம்பெற்றன.

அடுத்தது தண்ணீர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடிநீருக்குக் குடத்தோடு நின்ற நாட்களை எவரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய ஊரில் செடிக்கு நீர் ஏது என்று கேட்கலாம். நம் இல்லங்களில் அதற்கு விடை உண்டு. ஒளுச் செய்யும் நீரில் சோப்பு இல்லை, உப்பு இல்லை. ஒருவருக்கு ஒரு வேளைக்கு இரண்டு லிட்டர் என்று சிக்கனமாகவே வைத்தாலும், நால்வர் உள்ள வீட்டில் ஐந்து வேளைக்கு 40 லிட்டர். அரிசி களைந்த நீர் வேறு. ஒளுச் செய்யும் இடத்தின் குழாயைச் சாக்கடைக்குத் திருப்பாமல் செடிக்குத் திருப்ப, கட்டும் நாளில் ஆகும் செலவு அற்பம். கட்டி முடித்தபின் சுவரை உடைத்தல்லவா செய்ய வேண்டும்!

நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூர் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. அங்கே 2020ஆம் ஆண்டில், அரசு அடுக்ககங்களைச் சேர்ந்த ஒன்பது வாகன நிறுத்தக் கட்டடங்களின் மேல்தளங்களைக் காய்கறிப் பண்ணைகளுக்குக் குத்தகைக்கு விட ஒப்பந்தம் கோரினார்கள். இடமில்லாதவர்கள்தாம் இடத்தின் அருமையை அறிகிறார்கள்.

மாடித் தோட்டம் வீட்டுக்கு அரிசி தராது, பருப்பும் தராது. அப்படிச் சொல்வோரை நம்ப வேண்டாம். அது தருவது கீரை, புதினா, கறிவேப்பிலை, நாலு மிளகாய். அவற்றோடு வீட்டிலிருக்கும் முதியவர்க்கு ஒரு வேலை, பிள்ளைகளுக்கு விதை முளைக்கும் அதிசயம். இவை போதாவா?

ஆகவே வீடு வாங்கப் போகும் அன்பர்கள் விலையையும் பள்ளிவாசலின் தூரத்தையும் விசாரிப்பதோடு இன்னும் நான்கு கேட்டு வாருங்கள். மாடித் தளம் எவ்வளவு பாரம் தாங்கும்? நீர் இறங்காத பூச்சு உண்டா? எந்தப் பக்கம் நாலைந்து மணி நேரம் வெயில் விழும்? கழுவிய நீர் எங்கே போகிறது? கேட்பவர் ஒருவரானால் கட்டுபவர் சிரிப்பார். நூறு பேர் கேட்டால் வரைபடத்தை மாற்றுவார்.