90 நாள் சான்றிதழ்

2015 டிசம்பருக்கு முன்பு சின்னத் தளத்துக்கு எச்டிடிபிஎஸ் போடக்கூடப் பெரும்பாலும் காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அந்த மாதம் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ்ச் சேவை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பீட்டர் எக்கர்ஸ்லி 2022இல் காலமானார். சர்வரில் சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் ஓடும்போதெல்லாம் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ஆயுள் வழக்கமாக 90 நாள். குறைவு என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கோ அதுதான் பிடித்திருக்கிறது. தனிச்சாவி திருடுபோனாலும் திருடனுக்கு அது நெடுநாள் உதவாது.

புதிதாக சர்வர் பார்க்கும் தம்பி தங்கைகளே, புதிய சான்றிதழ் வட்டில் வந்து உட்கார்ந்தால் மட்டும் போதாது. ரீலோட் செய்யும்வரை வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் பழையதையே காட்டும். ரீலோட் செய்யும் அந்த ஒரு வரியை செர்ட்பாடின் டிப்ளாய் ஹுக்கில் இன்றே சேர்த்துவிடுங்கள். 80ஆம் போர்ட்டையும் மூடிவிடாதீர்கள். சான்றிதழுக்கான எச்டிடிபி வழிச் சரிபார்ப்பு அந்த வாசலில்தான் நடக்கிறது.