பொத்தானில் ஒரு விரல்

சிங்கப்பூர் மரினா பே சாண்ட்ஸ் சூதாட்டக்கூடத்துக்குள் வெளிநாட்டவர் கடப்பிதழைக் காட்டிவிட்டுக் கட்டணமில்லாமல் போகலாம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2010இல் கூடம் திறந்தபோது இது 100 வெள்ளி, 2019இல் ஏற்றினார்கள். உள்ளூர்க்காரர்கள் யோசித்துவிட்டு வரட்டும் என்று அரசு போட்ட வேகத்தடை. 21 வயது நிரம்பாதவர் யாராக இருந்தாலும் வாசலோடு சரி.

உள்ளே சன்னல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை வெயில் வெளியிலேயே நின்றுவிட்டது. தடித்த கம்பளம் காலடி ஓசையை விழுங்க, இயந்திரங்களின் கிணுகிணுப்பு மட்டும் மிதக்கிறது. தேநீரும் காப்பியும் இலவசம். ஒரு கோப்பைத் தேநீரோடு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். படம் எடுக்கக் கூடாது. பார்க்கத் தடையில்லை.

எதிரே ஒரு சீனப் பாட்டி. எழுபது வயது இருக்கும். குளிருக்குப் பின்னல் சட்டை போட்டிருக்கிறார். உறுப்பினர் அட்டை இயந்திரத்தில் செருகியிருக்கிறது. அதிலிருந்து தொங்கும் சுருள் கம்பியின் மறுமுனை அவர் சட்டையில். வலது கை ஆள்காட்டி விரல் பொத்தானின்மேல் இருக்கிறது. அழுத்துகிறார். படங்கள் சுழன்று நிற்கின்றன. அழுத்துகிறார். ஆசை, பதற்றம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. ஒருமுறை நல்ல பரிசு விழுந்தது. இசை முழங்கியது, திரையெங்கும் பொற்காசு கொட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டி முகத்தைச் சுளித்து, இசை முடிவதற்குள் மறுபடி அழுத்தினார்.

லாஸ் வேகாஸில் இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களோடு ஆண்டுக்கணக்கில் பேசிப் பழகியவர் நடாஷா டவ் ஷுல் என்ற மானுடவியலாளர். 2012இல் வந்த அவருடைய நூல் சொல்வது இதைத்தான்: இயந்திரத்தில் மூழ்கிப்போனவர்கள் ஜெயிப்பதற்காக ஆடுவதில்லை, ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறார்கள். வீடு, உடம்பு, கடன், தனிமை எல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோகின்றன. மறதியைக் கலைப்பதால் வெற்றிகூட அவர்களுக்குத் தொந்தரவு. பாட்டியின் சுளிப்புக்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இடப்பக்கம் தமிழ்க் குரல்கள். உட்கார்ந்திருப்பவருக்கு அறுபது இருக்கும், நின்றுகொண்டிருப்பவர் இளையவர்.

"போதும்ண்ணே. வாங்க, கிளம்பலாம்."

"இருப்பா. ஆளுக்கு நூத்தம்பது வெள்ளி குடுத்துட்டு வந்திருக்கோம். அதையாவது எடுக்க வேணாமா?"

தடுக்கப் போட்ட கட்டணம், உள்ளே வந்தபின் மீட்க வேண்டிய கடனாக மாறிவிட்டது. 24 மணி நேரமும் அவர் கணக்கில் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய நேரம்.

"இந்த மெஷின் ரொம்ப நேரமா ஒண்ணுமே தரல. இனிமே தந்துதான் ஆகணும்."

தரவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் உள்ளிருக்கும் சில்லு புதிதாக ஓர் எண்ணை எடுக்கிறது. முன்பு எத்தனை முறை தோற்றார் என்ற நினைவே அதற்குக் கிடையாது. பொத்தானை அழுத்திய நொடியில் முடிவு உறுதியாகிவிடுகிறது. பிறகு படங்கள் சுழல்வது வேடிக்கை காட்டத்தான். அண்ணனோ சுழலும்போது இரண்டாம் முறை பொத்தானைத் தட்டி நிறுத்துகிறார். தட்டுகிற நேரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறதென்று தம்பிக்குச் சொல்லியும் கொடுக்கிறார்.

மூன்று புலிகள் வரிசையில் நின்றன. நான்காவது ஒரு கட்டம் கீழே.

"பாத்தியா? ஒரே ஒரு கட்டம்!"

கட்டம் ஒன்றானாலும் நூறானாலும் தோல்வி தோல்விதான். மனம் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மயிரிழையில் தவறிய ஆட்டம் கசப்பாக இருந்தது, ஆனால் இன்னும் ஆடும் ஆசையைக் கூட்டியது; வெற்றியின்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகள் அப்போதும் தூண்டப்பட்டன. மயிரிழையில் தவறியதுபோலக் காட்டும் வழியை இயந்திரம் செய்பவர்கள் இதற்கு வெகுகாலம் முன்பே பிடித்திருந்தார்கள். 1984இல் டெல்னஸ் என்பவர் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை, சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியும் படங்களின் எண்ணிக்கையையும் உள்ளே அவற்றுக்கு இருக்கும் வாய்ப்பையும் பிரித்துவிட்டது. கண் ஒரு கணக்குப் போடுகிறது. கணினி வேறு கணக்குப் போடுகிறது.

தம்பி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கையும் சட்டைப்பைக்குப் போயிற்று.

கூச்சலோடு மூன்று பேர் வந்தார்கள். சென்னையிலிருந்து சுற்றுலா வந்தவர்கள் என்று பேச்சே சொன்னது. இரண்டு பையன்கள், ஒரு பெண். ஆட்டத்துக்கு ஐம்பது காசு. பெண் அழுத்தினாள். மணியடித்தது, விளக்குகள் மின்னின.

"வின் மச்சி!" என்று ஒருவன் கைதட்டினான்.

திரையின் மூலையில் இருபது காசு வரவு காட்டியது. ஐம்பது போட்டு இருபது வந்தால் முப்பது நஷ்டம். இயந்திரம் அதற்கும் வெற்றிப்பாட்டே பாடுகிறது. கனடாவில் மைக் டிக்ஸன் குழுவினர் 2010இல் இதை அளந்து பார்த்தார்கள். இப்படி வேடம் போட்ட தோல்வியின்போதும் ஆடுபவரின் தோலில் தெரியும் கிளர்ச்சி வெற்றியின்போது தெரிவதைப் போலவே இருந்தது. உடம்பு ஏமாறிவிட்டால், கணக்குப் பார்க்க மூளைக்கு நேரம் இருப்பதில்லை.

பொறுமையாகக் கணக்குப் போட்டால் இப்படி வரும். போடும் நூறு வெள்ளியில் தொண்ணூறைத் திருப்பித் தரும் இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு ஒரு வெள்ளி, ஆறு வினாடிக்கு ஓர் அழுத்தல். மணிக்கு 600 அழுத்தல், 600 வெள்ளி உருள்கிறது. சராசரியாக 60 வெள்ளி போய்விடும். நடுவில் எத்தனை முறை பாட்டுக் கேட்டாலும் இந்தச் சராசரி மாறாது. வேகமாக அழுத்துகிறவர் வேகமாகத் தோற்கிறார்.

அந்தப் பெண்ணின் ஐம்பது வெள்ளி தீர்ந்தது. எழுந்துவிட்டாள்.

"இன்னொரு நோட்டு போடுடி, இப்பதான் சூடு பிடிச்சிருக்கு."

"கொண்டு வந்ததே அம்பதுதான். மிச்சமெல்லாம் ரூம்ல இருக்கு. நான் வெளிய நிக்கறேன், வாங்க."

போனாள். அங்கிருந்தவர்களைவிட அவளுக்கு மனவுறுதி அதிகம் என்று நான் நினைக்கவில்லை. முடிவை அறையிலேயே எடுத்து, பணத்தையும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். நண்பன் உசுப்பியபோது அவளிடம் போடுவதற்கு எதுவும் இல்லை.

கடைசியாகப் பார்த்தவர் ஓர் இளைஞர். இஸ்திரி போட்ட சட்டை, வெயிலில் கறுத்த கழுத்து, காய்ப்பேறிய உள்ளங்கை. கைப்பேசியில், "ரூமுக்கு வர லேட்டாகும்டா, நாளைக்கு எத்தன மணிக்கு லாரி?" என்று கேட்டார். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவரும் வெளிநாட்டவர்தான். அவருக்கு 150 வெள்ளித் தடை இல்லை. ஐம்பது வெள்ளி நோட்டை உள்ளே விட்டார். அது அவரைப் போன்ற பலருக்கு ஒரு நாள் கூலிக்கும் மேல். சிறிது நேரத்தில் நூற்றுச் சொச்சம் ஆனது. பணத்தை எடுக்கும் பொத்தானை அழுத்தி, தொகை அச்சிட்ட சீட்டை வாங்கிக்கொண்டு, பணமாக்கும் இடத்தை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்றார். கையில் இருந்தது நோட்டாக இருந்திருந்தால் சட்டைப்பைக்குள் போயிருக்கும். அது ஒரு காகிதச் சீட்டு. பக்கத்து இயந்திரம் அதை வாங்கிக்கொண்டது. நான் எழுந்தபோது அவர் விரலும் பாட்டியின் விரலும் ஒரே தாளத்தில் இருந்தன.

உள்ளே ஏடிஎம் வைக்கச் சிங்கப்பூர்ச் சட்டம் இடம் தரவில்லை. நொடித்துப்போனவர்களுக்கும் அரசு உதவித்தொகையில் வாழ்பவர்களுக்கும் நுழைவே கிடையாது. சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம் 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று ஒருவர் தானே எழுதிக் கொடுக்கலாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வெளிநாட்டவரும் கொடுக்கலாம். ஒருவருடைய சூதாட்டத்தால் வீடு சீரழிந்தால் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகளும் அவரைத் தடுக்கக் கோரலாம். இவை எல்லாமே வாசலுக்கு வெளியே, தெளிந்த மனத்தோடு எடுக்கும் முடிவுகள். அதனால்தான் இவற்றுக்குப் பலன் இருக்கிறது. பொத்தானில் விரல் வைத்தபின் எடுக்கும் முடிவு அடுத்த அழுத்தல்வரைகூடத் தாங்காது.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள், சினிமா டிக்கெட்டுக்குக் கொடுப்பதைப்போலத் திரும்பி வராத காசு என்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். அட்டைகளை அறையில் விடுங்கள். கிளம்பும் நேரத்தை உள்ளே போகுமுன் கூட வருபவரிடம் சொல்லிவையுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர், "விட்டதைப் பிடிக்கத்தான் போகிறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவரோடு லாபநஷ்டக் கணக்குப் பேசாதீர்கள். அன்றைக்கே நுழைவுத்தடை விண்ணப்பப் படிவத்தை எடுத்து அவர் முன் வையுங்கள்.