கடைசி பேட்டரி, கடைசி மூன்று நாள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் முதுகிலேயே ஏறி இறங்கிப் போகிறது ஜான் மியூர் டிரெயில். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி, 4,421 மீட்டர் உயரமுள்ள மவுண்ட் விட்னி உச்சியில் முடியும் 340 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. முதுகில் பையும் கழுத்தில் கேமராவுமாக இதை நடந்து முடிக்கப் பலருக்கு மூன்று வாரம் ஆகிறது. பாதையின் பின்பாதியில் சாலை ஒன்றுகூடக் குறுக்கிடாது. கடை கிடையாது. பிளக் பாயின்ட் கிடையவே கிடையாது.

பாதிவழியில் உள்ள ஒரு பண்ணைக்கு, வீட்டிலிருந்து கிளம்புவதற்குப் பல நாள் முன்பே ஒரு வாளி நிறைய உணவைப் பார்சல் அனுப்பிவிடுவார்கள். அதை எடுத்துக்கொண்டு கிளம்பும் நாளில்தான் பை மிகவும் கனக்கும். கரடி திறக்க முடியாத கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் ஒன்பது, பத்து நாள் சாப்பாடு. அதோடு டென்ட், அடுப்பு, ஸ்லீப்பிங் பேக். எடையைக் குறைக்க டூத் பிரஷ்ஷின் காம்பை ஒடித்து எறிகிறவர்கள்கூட, ஒன்றரை கிலோ டிரைபாடை மட்டும் விடாமல் சுமப்பார்கள். இந்தக் கணக்கு மற்ற நடைபயணிகளுக்குப் புரிவதில்லை!

சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபாரெஸ்டர் கணவாயைத் தாண்டும்போது நிலைமை தலைகீழாகியிருக்கும். சாப்பாட்டு டப்பா ஏறக்குறைய காலி. கால்கள் உரமேறியிருக்கும். முதல் வாரம் மூச்சு வாங்கிய ஏற்றங்கள் இப்போது ஒரு பொருட்டே இல்லை. பாக்கி இருப்பது மூன்று நாள் நடை. ஆனால், கேமராவில் மிஞ்சியிருப்பது கடைசி பேட்டரி.

குளிர் பேட்டரியைத் தின்றுவிடும். இரவில் வெளியே விட்டுவைத்தால், மாலையில் பாதி இருந்த சார்ஜ் விடியற்காலையில் சிவப்புக் கோட்டைக் காட்டும். அதனால் பேட்டரியைக் காலுறைக்குள் சுருட்டி ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்து, குழந்தையை அணைத்துக்கொள்வது போல அணைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு முந்நூறு படம் எடுத்தவர் இப்போது பத்து படத்துக்கே யோசிக்கிறார். டிரைபாடை நிறுத்திவிட்டு, கேமராவை ஆன் செய்யாமல், வெறும் கண்ணால் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அப்படி நிற்பதற்கென்றே அமைந்த இடம் பிக்ஹார்ன் பீடபூமி. கணவாயிலிருந்து இறங்கி, ஒரு ஓடையைக் கடந்து, கொஞ்சம் ஏறினால் வரும். மரமே இல்லாத பெரிய வெட்டவெளி. நடுவில் குளம் என்று சொல்லவே கூச்சப்பட வேண்டிய அளவுக்கு ஒரு சின்ன நீர்நிலை. சுற்றிலும் சிகரங்கள். பகலில் இங்கே எடுக்கும் படங்கள் சப்பென்று இருக்கும். சியராவின் வெளிர் கிரானைட் பாறை உச்சி வெயிலில் சுண்ணாம்புச் சுவர் போலத் தெரியும். சூரியன் சாயும்போது அதே பாறை முதலில் மஞ்சளாகி, பிறகு செம்பு நிறமாகி, ஐந்தே நிமிடம் ரோஜா நிறத்தில் நின்றுவிட்டுச் சாம்பலாகிறது. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே டிரைபாட் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

கையிருப்பு குறையும்போது நல்ல படம் கிடைத்த கதை இந்த மலைக்குப் புதிதல்ல. 1927 ஏப்ரலில், யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுக்க ஏறினார் ஆன்சல் ஆடம்ஸ் என்ற 25 வயது இளைஞர். முதுகில் பெரிய கேமராவும் 12 கண்ணாடித் தகடுகளும். ஒரு தகட்டுக்கு ஒரே ஒரு படம். பாறைக்கு எதிரே வந்து சேர்ந்தபோது மிஞ்சியவை இரண்டு. மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒன்றை எடுத்தார். வானம் வெளுத்துப்போய், தன் மனதில் இருக்கும் கம்பீரம் படத்தில் வராது என்று உடனே தோன்றியது. கடைசித் தகட்டுக்குச் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். வானம் ஏறக்குறைய கறுப்பாகி, பாறை தனியாக எழுந்து நின்றது. அந்தப் படம்தான் அவருக்குப் புகழின் வாசலைத் திறந்தது.

ஆடம்ஸின் படங்களுக்கும் இந்தக் கடைசி நாள்களின் பாதைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. அதன் பின்னணி சோகமானது. வால்டர் ஸ்டார் ஜூனியர் என்ற இளம் வழக்கறிஞர், ஜான் மியூர் டிரெயிலுக்கு வழிகாட்டி நூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். 1933-ல் தனியாக மலையேறப் போனவர் திரும்பவில்லை. நார்மன் கிளைட் என்ற மலையேறி நாள்கணக்கில் தேடி உடலைக் கண்டுபிடித்தார். ஸ்டாருக்கு அப்போது வயது 30. நூலை அவருடைய தந்தை முடித்து வெளியிட்டார். மகன் நினைவாக ஆன்சல் ஆடம்ஸின் சியரா படங்களை ஒரு பெரிய புத்தகமாகவும் கொண்டுவந்தார். 1938-ல் 500 பிரதிகள் மட்டுமே அச்சான அந்தப் புத்தகத்தில் ஒன்று உள்துறைச் செயலர் ஹெரால்ட் இக்கெஸுக்குப் போனது. அவர் அதை அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் காட்ட, அதிபர் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1940 மார்ச்சில் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா உருவானது. அதற்காகப் பலர் பல ஆண்டுகள் போராடியிருந்தார்கள். அந்தப் போராட்டத்தில் இந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு. ஃபாரெஸ்டர் கணவாய்தான் அந்தப் பூங்காவின் தெற்கு எல்லை.

கடைசி இரவு பெரும்பாலும் கிட்டார் ஏரிக்கரையில். மேலிருந்து பார்த்தால் நிஜமாகவே கிட்டார் வடிவம். இங்கே யாரும் நன்றாகத் தூங்குவதில்லை. உச்சியில் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்றால் நள்ளிரவு ஒன்று, இரண்டு மணிக்கே கிளம்பியாக வேண்டும். இருட்டில் மலைச்சரிவு முழுக்க நெற்றி டார்ச்சுகள் வரிசையாக ஊர்ந்து போகும். பாதை பிரியும் முனையில் பெரிய பைகளை வைத்துவிட்டு, தண்ணீரும் கேமராவுமாக மேலே போகிறார்கள். பையில் பிஸ்கட் துணுக்கு இருந்தாலும் போச்சு. மார்மட் என்ற கொழுத்த மலை அணில் பையையே கடித்துத் துளைத்துவிடும்.

உச்சியில் கிழக்கே பார்த்து எல்லோரும் போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். பழகிய போட்டோகிராபர்கள் சிலர் மட்டும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். அந்த நேரத்தில் மலைத்தொடரின் நிழல், வந்த வழியெல்லாம் மேற்கே நீண்டு கிடக்கும். மூன்று வாரம் நடந்த ஊரின் ஒரு பகுதி அந்த நிழலுக்குள் இருக்கிறது. பேட்டரியின் கடைசிச் சொட்டு பெரும்பாலும் அதற்குத்தான் செலவாகிறது. பல நாளுக்குப் பிறகு சிலர் போனில் சிக்னலும் வரும். வீட்டுக்குப் பேசுகிறவர்களின் குரல் தழுதழுப்பதைக் கேட்காதது போல மற்றவர்கள் நகர்ந்து கொள்கிறார்கள். ரொம்ப நேரம் நிற்கவும் முடியாது. மதியத்தில் இடி மின்னல் வந்தால் உச்சியைப் போல ஆபத்தான இடம் வேறில்லை.

இறக்கத்தில் 99 கொண்டை ஊசி வளைவுகள். முழங்கால் கெஞ்சும். விட்னி பகுதியில் மனிதக் கழிவைக்கூட அதற்கென்றே உள்ள பையில் கட்டிச் சுமந்து வரவேண்டும் என்பது விதி. இவ்வளவு அழகுக்கு நடுவே அதுவும் முதுகில் தொங்கிக்கொண்டு வருகிறது! கீழே கடையில் சூடான பர்கர், பிறகு லோன் பைன் என்ற சிற்றூர், குளியல், கட்டில், பிளக் பாயின்ட்.

பேட்டரி நிறைந்ததும் சிலர் மறுபடி அலாரம் வைக்கிறார்கள். முந்தின நாள் தாங்கள் நின்ற உச்சியை விடியலில் கீழிருந்து எடுக்க. 1944 குளிர்காலத்தில் ஆன்சல் ஆடம்ஸும் இதே ஊருக்கு நான்கு விடியல் வந்து, ஒளி சரியாக அமையாமல் திரும்பினார். ஐந்தாவது நாள் கடும் குளிரில் காத்து நின்றார். பனிமலையில் வெளிச்சம், முன்னால் இருண்ட குன்றுகள், அதன் கீழே மேய்ச்சல் நிலத்தில் ஒரு கீற்று வெயில். அந்தக் கீற்றில் ஒரு குதிரை அவருக்கு முதுகைக் காட்டி மேய்ந்துகொண்டிருந்தது. அவர் ஷட்டரில் கை வைத்துக் காத்திருந்தார். குதிரை பக்கவாட்டில் திரும்பியது.