டிராகுலா ஊரில் ஒரு தாடிக்காரர்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், எஸ்க் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் விட்பி துறைமுகம். குன்றின் மேலிருக்கும் சர்ச்சுக்கு 199 படிகள். எண்ணிக்கொண்டே ஏறினேன். நூறுக்கு மேல் எண்ண மூச்சில்லை, சார்!

மேலே போனால் கல்லறைகள். வருகிறவர்களெல்லாம் "டிராகுலா கல்லறை எங்கே?" என்று கேட்டுக் கேட்டு, 'அப்படியொன்று இங்கே இல்லை' என்று சர்ச்சிலேயே எழுதி வைக்க வேண்டியதாயிற்று. அட, அது 1897-ல் வந்த நாவல்! பிராம் ஸ்டோக்கர் இங்கே வந்து தங்கி, ஊரைக் கதைக்குள் இழுத்துவிட்டார்.

எனக்கென்னவோ நிஜக் கதைதான் தூக்கத்தைக் கெடுத்தது. 1861 பிப்ரவரி 9. பேய்ப் புயல். கப்பல்கள் வரிசையாய்த் தரைதட்ட, உயிர்காப்புப் படகு ஐந்து தடவை போய் ஆட்களை மீட்டு வந்தது. ஆறாவது தடவை கவிழ்ந்தது. கரையிலிருந்த ஜனம் பார்க்கப் பார்க்க, 13 பேரில் 12 பேர் போய்விட்டார்கள்.

பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன். புதுசாய் வந்திருந்த கார்க் மிதவைச் சட்டையை அவர் ஒருத்தர்தான் மாட்டியிருந்தார். அப்புறமாவது வீட்டில் உட்கார்ந்தாரா? ஊஹூம். பல வருஷம் அதே ஊரில் உயிர்காப்புப் படகில் போனார்.

கார்க் சட்டையோடு அவர் நிற்கிற பழைய போட்டோ ஒன்று உண்டு. அந்தத் தாடியும் முறைப்பும்... டிராகுலாவே ஒதுங்கி வழிவிடுவார்!